உளியின் வாய்

எங்கள் தொடர்மாடி வாசலுக்கு மாதம் ஒரு தரமாவது வந்துபோகிற சாணைக்காரர் சிங்களவர். கொழும்பு வெள்ளவத்தையில் தமிழ் வீடுகள் நிறைய என்று தெரிந்தும் அவர் கூவுவது சிங்களத்தில்தான்: "பிஹி, கதுரு முவஹத்!" கத்தி, கத்தரிக்கோல் கூராக்கித் தருவேன் என்பது பொருள். அந்த 'முவஹத்'தின் உள்ளே இருக்கிற 'முவ' என்றால் வாய். நாமும் உளிவாய், வாள்வாய் என்றுதான் சொல்கிறோம். தின்கிற பக்கம் வாய் என்பதில் இரண்டு மொழிக்காரருக்கும் சண்டை இல்லை.

சைக்கிளின் பின்சில்லை நிலத்திலிருந்து கிளப்பி நிறுத்துவார். வாரைக் கொழுவி மிதிப்பார். கைப்பிடிக்கு முன்னால் பொருத்தியிருக்கிற கல் சுழலும். எங்கள் வீட்டு இறைச்சிக் கத்தி, தேங்காய் துருவியின் பல், தைக்கிற கத்தரிக்கோல் எல்லாம் அவர் கைக்குப் போய் வந்தவை. அப்பப்பாவின் நகவுளியைக் கொண்டுபோய் நீட்டியபோது மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். தன்னால் முடியாது என்றார். நேர் வாய்க்குத்தான் தன் கல், இது வளைந்த வாய்.

அந்தப் பேச்சை நான் கேட்டிருக்க வேண்டும். அப்பப்பா தச்சுவேலை பார்த்தவர். அவருடைய பெட்டியில் மிஞ்சியது இந்த அரை அங்குல உளி ஒன்றுதான். கழுத்தில் 'ஷெஃபீல்ட்' என்ற எழுத்து அரைவாசி தேய்ந்து நிற்கிறது. அவசரத்தில் காலி வீதிப் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்தேன். மின்சாணையில் ஒரு நிமிடம் பிடித்தார்கள், பொறி பறந்தது, பளபளவென்று திரும்பி வந்தது. நுனியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு கோடு ஓடியது. அழகு என்றுகூட நினைத்தேன். வீட்டில் ஒரு பலாத்துண்டில் நாலு தரம் குத்தினேன். வாய் மடிந்துவிட்டது.

அடுத்த மாதம் சாணைக்காரர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கொட்டாஞ்சேனையில் கோயில் வாகனம் செய்கிற தமிழ்ப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போங்கள் என்று அடையாளம் சொன்னார். தொழில் தெரிந்தவர்களுக்கு ஊரில் வேறு யாருக்குத் தொழில் தெரியும் என்பதும் தெரிந்திருக்கிறது.

மொறட்டுவைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையே ஓடுகிற 102ஆம் இலக்க பஸ் வெள்ளவத்தையால்தான் போகிறது. ஒரு முனையில் இலங்கையின் தளபாடத் தச்சர்களின் ஊர், மறு முனையில் நான் தேடிப்போகிற சிற்பாசாரியார். நல்ல பொருத்தம் என்று நினைத்துக்கொண்டு யன்னலோரம் இருந்தேன். கொள்ளுப்பிட்டி தாண்டும்போது ஆனந்த குமாரசுவாமியின் நினைவு வந்தது. 1877இல் இந்தப் பகுதியில் பிறந்தவர். கலை விமர்சகர் என்றே அவரை அறிகிறோம். ஆனால் அவர் முதலில் கற்களின் ஆள். 1900களின் தொடக்கத்தில் இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைமை தாங்கினார். மலையும் காடுமாகக் கல் தேடி அலைந்தபோதுதான் கைவினைஞரின் வீடுகளுக்குள் நுழைந்தார். 1908இல் வந்த அவருடைய 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெரிய நூல் அந்த அலைச்சலில் பிறந்தது. கல்லையும் உளியையும் ஒரே கண்ணால் பார்த்தவர் அவர். அன்றைய என் பயணமும் கல்லில்தான் போய் முடியப் போகிறது என்று அப்போது தெரியாது.

ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிகிற ஒரு ஒழுங்கைக்குள், தகரக் கூரையின் கீழ் அந்தப் பட்டறை. வாசலில் தலை மட்டும் முடிந்த குதிரை வாகனம் ஒன்று வாயைத் திறந்தபடி நின்றது. அதன் பக்கத்தில் ஆளுயரச் சிலுவை ஒன்று. கொட்டாஞ்சேனையில் இது அதிசயம் இல்லை. ஒரு பக்கம் பொன்னம்பலவாணேஸ்வரம், இன்னொரு பக்கம் புனித லூசியா பேராலயம். மரவேலைக்காரருக்கு இரண்டு பக்கமும் வேலை.

பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சு. நான் வணக்கம் சொல்லி முடிக்குமுன் உளியைக் கையில் வாங்கிவிட்டார்.

"ஆர் தம்பி இதைச் சுட்டது?"

"சுடேல்லை ஐயா, சாணைதான் பிடிச்சது."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

அவர் சொன்னதைப் பிறகு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டறைகளில் இருக்கிற ஆறு அங்குல மின்சாணை நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,850 தரம் சுற்றும். கல்லின் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. காலி வீதியில் பஸ் ஓடக்கூடாத வேகம். அதில் ஒரு மெல்லிய உளியின் நுனியை அழுத்தினால் சூடு போக இடம் இல்லை. கொல்லர் உருக்கைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, பிறகு மெல்லச் சூடாக்கி இளக்குகிறார். 220, 230 பாகை செல்சியஸில் வைக்கோல் மஞ்சள் நிறம் வரும். உளிக்கு அதுதான் பதம். 300ஐ நெருங்கினால் நீலம். நீலம் கண்ட இடத்தில் உளிவாய்க்கு வேண்டிய கடினம் போயிற்று. மயில்கழுத்து என்று நான் ரசித்தது அந்த உளியின் சாவு.

"முழுக்கச் சாகேல்லை," என்றார். "நீலம் இருக்குமட்டும் தேய்ச்சு எடுத்துவிட்டால் பின்னாலை நல்ல உருக்கு கிடக்கு. கையாலை தேய்க்கோணும். நேரம் இருக்கோ?"

நேரம் இருந்தது. ஒரு வாங்கில் இருத்தினார். தேத்தண்ணி வந்தது.

அவருடைய சாணை முழுவதும் ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டிக்குள் அடங்குகிறது. ஒரு பக்கம் கரடும் மறுபக்கம் மென்மையுமான கார்போரண்டம் கல். நடுவில் தோணிபோலக் குழிந்துபோன ஒரு நைஸ் கல். விளிம்பு உருண்ட, விரல் நீளச் சின்னக் கற்கள் நாலைந்து. பலகையில் ஒட்டிய தோல்வார். ஒரு சின்னப் போத்தலில் சிவப்பு மா.

கரட்டுக் கல்லில் தண்ணீர் தெளித்துத் தொடங்கினார். நகவுளியைத் தீட்டுகிற கை ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. கல்லின் நீளத்துக்கு உளி போகிறது. போகிறபோதே மணிக்கட்டு திரும்புகிறது, வளைவின் ஒரு மூலையில் தொட்ட வாய் மறு மூலையில் போய் முடிகிறது. சரிவு ஏறக்குறைய 25 பாகை. மென்மரத்துக்கு இன்னும் படுக்கலாம், முதிரைக்கும் கருங்காலிக்கும் கொஞ்சம் நிமிர வேண்டும். அளவுகோல் எதுவும் அவரிடம் இல்லை. உளியின் முதுகுச் சரிவு கல்லில் படிகிறபோது விரலுக்குத் தெரியுமாம். நானும் பிடித்துப் பார்த்தேன். என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூலையை உருட்டி வைத்தேன். அவர் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும், நீலம் மறைந்தது. பிறகு நைஸ் கல். பிறகு பெருவிரலை உளியின் உட்பக்கம் வைத்து வெளியே இழுத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். மயிர்போல ஒரு பிசிறு தடுக்கியது. வெளிப்பக்கம் தேய்ந்து தேய்ந்து உருக்கு உட்பக்கம் மடிகிற இடம் அது. பிசிறு வராமல் கூர் வராது, பிசிறோடு விட்டால் கூர் நிற்காது. சைக்கிள் சாணையில் தீட்டிய கத்தி மூன்றாம் நாள் தக்காளியை நசுக்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். விளிம்பு உருண்ட சின்னக் கல்லை உளியின் குழிக்குள் படுக்கவைத்து நாலு இழுப்பு. பிறகு தோல்வாரில் சிவப்பு மாவைத் தடவி, வாயைப் பின்னுக்கு வைத்து இழுத்தார். முன்னுக்குத் தள்ளினால் தோல் வெட்டுப்படும்.

சிவப்பு மா எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். செட்டியார் தெருவாம். பொற்கொல்லர் நகைக்கு மெருகு போடுகிற அதே மா. இரும்பு ஒட்சைட்டு, அதாவது துருவின் நெருங்கிய சொந்தம். துருவுக்குப் பயந்து எண்ணெய் பூசிவைக்கிற உளிக்குக் கடைசி மெருகு அந்த வம்சத்திலிருந்துதான் வருகிறது.

செட்டியார் தெரு என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். அங்கே கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கிற நீலக்கல்லும் மாணிக்கமும் கனிமத்தால் ஒன்றே, அலுமினிய ஒட்சைட்டு. நிறம் இல்லாத, தெளிவு இல்லாத அதே கனிமத்துக்குத் தமிழில் குருந்தம் என்று பெயர். பொடித்து அரக்கில் குழைத்துச் சாணைக்கல் ஆக்கியது நம்மவர் பழைய வழக்கம். ஆங்கிலத்தின் 'கொரண்டம்' இந்தக் குருந்தத்தின் வழி வந்தது. 1890களில் அமெரிக்காவில் எட்வேர்ட் அச்சேசன் கரியையும் களிமண்ணையும் மின்சாரத்தால் காய்ச்சி ஒரு புதுக் கடினப் பொருள் செய்தபோது, கார்பனையும் கொரண்டத்தையும் சேர்த்துக் 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடையில் பெரியவர் வாங்கிய கல்லின் பெயருக்குள் ஒரு தமிழ்ச் சொல் கடல் சுற்றித் திரும்பி வந்து கிடக்கிறது. அவரிடம் இதைச் சொன்னேன். "கல்லு தின்னுதோ, அது காணும்," என்றார்.

உருக்குக்கும் இந்தத் தீவில் நீளமான கதை உண்டு. சமனலவெவப் பகுதியில் மலைச்சரிவில் வரிசையாக உலைகள் வைத்து, தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கியிருக்கிறார்கள். கி.பி. 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை அது நடந்திருக்கிறது. ஜில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் 1996இல் அதை உலகுக்குக் காட்டினார். இன்றைக்குப் பெரியவரின் உளிகளுக்கு உருக்கு வருவது பஞ்சிகாவத்தையிலிருந்து. லொறி ஸ்பிரிங் தட்டு கைக்கோடாலிக்கும் வாய்ச்சிக்கும், பழைய அரம் சின்ன உளிக்கும். கொல்லர் அடித்துக் கொடுப்பார், தீட்டுவது இவர்.

கைக்கோடாலியை எடுத்துக் காட்டினார். விறகுக் கோடாலி ஆப்புப்போலப் பிளக்கிறது, அதற்குக் கூர் பெரிதில்லை. இது சீவ வேண்டும். அதனால் வாயின் பின்னால் வயிறு தள்ளக்கூடாது, சரிவு ஒரே சீராகப் போக வேண்டும். இதற்கு மட்டும் கல்லை அசைக்கிறார், கோடாலியைத் தொடையில் படுக்க வைத்துவிடுகிறார். குதிரையின் கழுத்தை முக்கால்வாசி இந்தக் கோடாலிதான் கொண்டுவந்ததாம். உளி வந்தது பிடரிமயிருக்கு.

பட்டறையில் ஹட்டன் பக்கத்துப் பையன் ஒருவன் பழகுகிறான். வந்து ஆறு மாதம். "மரத்த தொட உடல சார், கல்லுதான்," என்று சிரித்தான். கொடுமை என்று தோன்றியது. பெரியவரின் கணக்கு வேறு: மொட்டை உளியோடு பழகுகிறவன் பலத்தால் வெட்டப் பழகுவான், பிறகு நல்ல உளி கொடுத்தாலும் கை திருந்தாது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஆறு மாதம் மரமே தொடாமல் எத்தனை பிள்ளைகள் இந்தக் காலத்தில் நிற்பார்கள்? முந்தி வந்த இருவர் நிற்கவில்லை என்று அவரே சொன்னார்.

மொறட்டுவையில் கணினி சொன்னபடி செதுக்குகிற இயந்திரங்கள் வந்துவிட்டன. அவருக்குக் கோபம் இல்லை. கதவுப் பலகையில் பூவும் கொடியும் அது நன்றாகவே வெட்டும், எனக்கு அந்த வேலை வேண்டாம் என்றார். மேலிருந்து இறங்குகிற வெட்டலகு குதிரையின் கடைவாய்க்குள்ளும் பிடரிக்கு அடியிலும் திரும்பிப் போகாது. அந்த மூலைகளுக்கு இன்னும் உளிதான். தேக்கு என்றால் அதிலிருக்கிற மணற்சத்து உளிவாயைச் சீக்கிரம் தின்றுவிடும், மணிக்கு நாலு தரமாவது தோல்வாருக்கு வரவேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற மார்ச் மாதக் கடைசியிலும் இந்தப் பட்டறை நிற்கவில்லையாம். தண்ணீரும் கல்லும் இருந்தன.

கடைசியில் உளியை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். "பாருங்கோ, வாய் தெரியுதோ?"

தெரியவில்லை.

"தெரியக்கூடாது. வெள்ளைக் கோடு தெரிஞ்சால் அது மொட்டை. வெளிச்சம் பட்டுத் திரும்ப அங்கை இடம் இருக்கெண்டு அர்த்தம்."

ஒரு மரத்துண்டில் குறுக்கே ஓடவிட்டார். சத்தம் வரவில்லை. சுருள் விழுந்தது. வெட்டிய பள்ளம் மெருகு போட்டதுபோல மின்னியது, நடுவில் ஒரு கீறல்கூட இல்லை. உளி நாலு மில்லிமீட்டர் குட்டையாகியிருந்தது.

காசு வாங்க மறுத்துவிட்டார். கடற்கரைப் பக்கம் இருக்கிறீர்கள், உப்புக்காற்று, தேங்காய் எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வையுங்கள் என்றார். பிறகு ஒன்று கேட்டார். 2022இல் ரூபாய் சரிந்த பிறகு வெளிநாட்டு உளி அவர் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. இப்போது மலிவாக வருகிற அரங்கள் சிலவற்றில் மேற்தோல் மட்டும்தான் கடினம், அடித்து உளியாக்கினால் நிற்பதில்லை. பழைய அரம் வேண்டும், உள்ளும் புறமும் உருக்கான அரம். அவை கிலோக் கணக்கில் பழைய இரும்பு வண்டியில் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆகவே உங்கள் வீட்டில் தாத்தாவின் பெட்டியோ, மூடிய பட்டறையோ, கட்டிலுக்கடியில் ஒரு சாக்கோ இருந்தால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுமுன் ஒருதரம் கொட்டிப் பாருங்கள். பல் தேய்ந்த அரம் கிடந்தால் பக்கத்தில் இருக்கிற எந்த மரச்சிற்பியிடமாவது கொண்டுபோய்க் கொடுங்கள். தயவுசெய்து அதை மின்சாணையில் பிடித்துத் துடைத்துக் கொண்டுபோகாதீர்கள். துருவோடு கொடுங்கள்.