தள்ளுவண்டிக் கவலை

தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்துக்கு அருகே இருக்கிறது கீழவைப்பார். கைக்குழந்தையுடன் பிரயாணம் செய்வோருக்கு இந்தக் கடற்கரை ஒரு சோதனை வைக்கிறது. தார்ச்சாலையில் சுகமாக உருண்டு வந்த தள்ளுவண்டியின் சக்கரம் மணலில் புதைந்துவிடும். வண்டியைச் சாலையோரத்தில் விட்டுத்தான் இறங்க வேண்டும். உடனே கவலை பிறக்கிறது. கண் அலையைப் பார்க்கும். மனம் வண்டியைப் பார்க்கும்.

இக்கவலையை வளர்த்தவர்களுள் ஒருவர், விமானச் சக்கர அமைப்பில் தேர்ந்த ஆங்கிலேயர் ஓவன் மக்லாரன். குடைபோல் மடங்கும் இலேசான அலுமினிய வண்டியை 1965-ல் உருவாக்கினார். தாய்க்குத் தூக்க எளிது, திருடனுக்கும் எளிது!

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் இக்கவலை இல்லை. முற்றத்தில் உலரும் உணவைக் கொத்த வரும் கோழிமேல் பெண்கள் கனத்த குழையை வீசி எறிகிறார்கள். சிறுவர் உருட்டும் மூன்றுகால் தேருக்கு அது வழியை மறிக்கிறதாம்! நகை வாசலில் கிடக்கிறது. களவு என்ற பேச்சே இல்லை. நாமோ அந்தப் புகாரில் வாழவில்லை. புகார் மனு எழுதும் காலத்தில் வாழ்கிறோம்.

ஆகவே சங்கிலியும் பூட்டும் கொண்டு செல்லுங்கள். பணப்பையை வண்டியில் வைக்காதீர்கள். ஆனால் சற்றுச் சுற்றிப் பாருங்கள்: மீனவர் தம் பிழைப்புக்கே ஆதாரமான படகையும் வலையையும் திறந்த மணலில்தான் விட்டு வைக்கிறார்கள். அயலாரின் கண்ணே அவற்றுக்குக் காவல். வலை செப்பனிடும் பெரியவரிடம், "அண்ணாச்சி, வண்டியைச் சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். ஐயத்தோடு நோக்கிய ஊரே காவலாகிவிடும். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, நிம்மதியாக அலையைக் காட்டலாம்.