துள்ளும் தெள்ளுப்பூச்சி

ஹொனலூலுவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் வைக்கீக்கி கடற்கரையோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ககாகோ வட்டாரத்தின் சவுத் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது கமாக்கா தொழிற்கூடம். 1916-ல் தொடங்கிய இந்த யுகலேலே நிறுவனம் இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான்.

யுகலேலே நான்கே தந்திகள் கொண்ட, கிதாரின் குட்டித் தம்பி. ஹவாய் மொழியில் இந்தப் பெயருக்குத் 'துள்ளும் தெள்ளுப்பூச்சி' என்று பொருள் சொல்வார்கள். ஆனால் தெள்ளுப்பூச்சியின் பூர்வீகம் ஹவாய் அல்ல. 1879-ல் போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றி வந்தது ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பல். அதில் வந்த மானுவேல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சான்டோ ஆகிய மூவரும் மரவேலை தெரிந்தவர்கள். தங்கள் ஊர்ச் சின்ன கிதாரை ஹவாயில் மட்டுமே விளையும் கோவா மரத்தில் செய்யத் தொடங்கினார்கள். கோவா, நம் வேல மரத்தின் உறவு. நூனெஸிடம் தொழில் பழகியவர்தான் கமாக்கா நிறுவனத்தைத் தொடங்கிய சாமுவேல் கமாக்கா.

1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவெங்கும் யுகலேலே பைத்தியம் பிடித்தது. பெருநிலப்பகுதி ஆலைகள் மளமளவென்று செய்து குவித்தன. ஹவாயில் செய்ததாகப் பொய் முத்திரை குத்தியும் சில விற்றன. தீவின் கைவினைஞர்கள் கொதித்தார்கள். தங்களுக்கென்று தனி வணிக முத்திரையே வைத்துக்கொண்டார்கள். இயந்திரம் பிழைப்பைக் கெடுத்துவிடும் என்ற பயம் இங்கே புதிதல்ல.

இப்போது அந்த இயந்திரம் தீவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஓவாஹு தீவின் பட்டறைகள் சிலவற்றில் சி.என்.சி. மெஷின்தான் யுகலேலேயின் கழுத்தைச் செதுக்குகிறது. படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் போதும், சுழலும் வெட்டுமுனை அதன்படியே மரத்தைக் குடைந்துவிடும். மெட்டுகளுக்கான பள்ளங்களை வெட்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. சிறிய வகை யுகலேலேயில் தந்தியின் நீளம் சுமார் 345 மில்லிமீட்டர். முதல் மெட்டு 19.4 மில்லிமீட்டரில் விழ வேண்டும், பன்னிரண்டாவது சரிபாதியில். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் தேர்ந்த காது முகம் சுளிக்கும். வாளும் அளவுகோலுமாக மனிதன் நாள் முழுக்கக் குனிந்து செய்ததை மெஷின் அலுக்காமல் செய்கிறது.

சிக்கல் முகப்புப் பலகையில்தான். சுமார் இரண்டு மில்லிமீட்டர் தடிமனே உள்ள இந்தப் பலகைதான் தந்தியின் அதிர்வை ஒலியாக்குகிறது. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று விறைப்பாக இருக்கும், மற்றது நெகிழும். மெஷினால் இரண்டையும் ஒரே தடிமனுக்கு இழைக்க முடியும். எதை இன்னும் கொஞ்சம் இழைக்க வேண்டும், எதில் அப்போதே நிறுத்த வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

காது கேளாதவர்களுக்கு வேலை கொடுத்ததற்காகவும் பெயர் பெற்றது கமாக்கா. பலகையைத் தட்டி, அதிர்வை விரல் நுனியில் வாங்கியே பக்குவம் சொல்லிவிடுவார்கள் அவர்கள். ஒலியே கேட்காதவர்கள் ஒலிக்குப் பதம் பார்த்த தொழில் இது. கழுத்தை மெஷினிடம் விட்டுவிட்ட பட்டறைகளிலும் பலகையைத் தட்டிப் பார்க்க ஒரு விரல் வேண்டியிருக்கிறது.