குலுக்கிப் பார்த்த காய்

சம்பாவுக்குத் தண்ணீர் வடித்துவிட்டால் அறுப்பு வரைக்கும் பத்துப் பன்னிரண்டு நாள் வயலில் பெரிய வேலை இருக்காது. கதிர் தலை சாய்ந்து, தாள் பழுத்து, மண் இறுகி, மெஷின் இறங்குகிற பதத்துக்கு வரவேண்டும். தை மாதத்தில் அந்த இடைவெளியில் ஒரு சனி ஞாயிறைப் பிடித்து, பூதலூரிலிருந்து நானும் என் மனைவியும் குடகுக்குப் போய்வந்தோம். காப்பி பறிப்பதைப் பார்க்கத்தான் போனோம்.

முன்பே ஒருமுறை போயிருக்கிறோம். மே மாதம், பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, சுற்றுலா வேன். தோட்டத்துக்குள் பத்து நிமிஷம், வாசனைப்பொருள் கடையில் ஒரு மணி நேரம். செடியில் பச்சை மணி மட்டும் இருந்தது, ஆள் யாரும் இல்லை. “இதை யாருங்க பறிக்கிறாங்க? எப்படிக் காயப்போடுவாங்க?” என்று இவள் கேட்டாள். கூட்டிப்போனவர் “இப்ப சீசன் இல்லம்மா” என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். அந்தக் கேள்வி பல வருஷமாக எங்கள் வீட்டில் அப்படியே கிடந்தது. தினம் இரண்டு வேளை காப்பி குடிக்கிற வீடு.

மலைக்குப் போகிறவர்கள் வெயிலைப் பார்த்து நாள் குறிக்கிறார்கள். காப்பி மலைக்கு வேலையைப் பார்த்துத்தான் நாள் குறிக்கவேண்டும். அராபிக்கா கார்த்திகை, மார்கழியில் பழுக்கும். ரோபஸ்டாவுக்குத் தையும் மாசியும். அராபிக்கா பார்க்க எங்களுக்குக் குடகு தேவையில்லை. திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று பஸ் மாறினால் தாண்டிக்குடி; காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் அங்கேயே இருக்கிறது. ஏற்காட்டில் 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்திலிருந்தே காப்பி உண்டு. இவள்தான் பிடிவாதமாக நின்றாள். “நமக்குத் தண்ணி வர்ற ஊரு. அங்கயே போவோம்ங்க.”

வெள்ளிக்கிழமை இரவு திருச்சியில் மைசூர் எக்ஸ்பிரஸ். நடுராத்திரியில் ஈரோட்டைத் தாண்டும்போது ஒருமுறை காவிரி. விடிந்ததும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இரண்டு கிளையாக மறுபடி. மைசூரில் பஸ் ஏறி, குஷால்நகருக்குள் நுழைகிற பாலத்தில் இன்னொரு முறை. அங்கே காவிரி எங்கள் பக்கத்துப் புது ஆறான கல்லணைக் கால்வாயைவிடப் பெரிதாகத் தெரியவில்லை. கல்லுக்கு நடுவில் தெளிந்து ஓடியது. இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டாள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் குஷால்நகரில் வேலை பார்க்கிறான். சித்தாபுரம் பக்கத்தில் ஆறு ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் அவன் சொல்லி வைத்திருந்தான். இந்தியாவில் காப்பி விளைவிக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இவரைப்போலச் சின்னத் தோட்டக்காரர்கள்தான். எஸ்டேட் என்றதும் மனதில் வருகிற பங்களாவும் குதிரையும் அவர்களிடம் கிடையாது. இவர் வீட்டு வாசலில் ஒரு பழைய ஜீப், பின்னால் சிமென்ட் களம், களத்தோரம் ஒரு மாட்டுக் கொட்டில். ‘களம்’ என்று தமிழிலேயே சொன்னார். கன்னடத்தில் அது ‘கண’.

அன்று ஆட்கள் எட்டு மணிக்கு மேல்தான் தோட்டத்துக்குள் இறங்கினார்களாம். முதல் நாள் இரவு பலாமரத்தடியில் யானை நின்ற தடம். அது எந்தப் பக்கம் போனது என்று பக்கத்துத் தோட்டங்களில் போனில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் பெண்களை அனுப்பினாராம். சித்தாபுரத்தைச் சுற்றி இது அன்றாட வாழ்க்கை. காலையில் வேலைக்குப் போன ஆள் யானையிடம் மாட்டி இறந்த செய்தி அங்கே புதிதில்லை.

உள்ளே நிழல். சில்வர் ஓக், ஈட்டி, நாவல், அத்தி, அதன்மேல் மிளகுக்கொடி, அதற்குக் கீழே காப்பி. வயல்காட்டில் வளர்ந்தவனுக்கு இந்த நிழலில் வேலை என்பதே வியப்பு. எங்கள் பெண்கள் நடவு நட்டதும் களை பறித்ததும் வெட்டவெளியில்தான்.

ஒன்பது பேர் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர் அசாமிலிருந்து வந்தவர்கள். மற்ற நான்கு பேரும் தமிழ் பேசினார்கள். அதில் மூத்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தாத்தா காலத்தில் சேலம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். புடவைக்கு மேல் முழுக்கை சட்டை, தலையில் துண்டு, இடுப்பைச் சுற்றி உரச்சாக்கு. “எறும்புக்குங்கண்ணே. சட்டைய மீறி உள்ள பூந்துரும்” என்று கழுத்தைக் காட்டினார். தடித்துச் சிவந்திருந்தது.

செடிக்கடியில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். இடது கையால் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களைக் கணுவைச் சுற்றிக் கூடு மாதிரிக் குவித்து, உள்ளிருந்து வெளியே உருவுகிறார். பழம் பொலபொலவென்று விழுகிறது. நானும் ஒரு கிளையைப் பிடித்தேன். பழத்தோடு இலையும் வந்தது. அந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“நுனிய விட்ருங்கண்ணே. அதை ஒடிச்சிட்டா அடுத்த வருசம் காய் எங்க வரும்?”

கிளையின் நுனியில் இந்த வருஷம் வளர்ந்திருக்கும் பச்சைப் பகுதியில்தான் அடுத்த வருஷக் காய். பழம் நிற்பது அதற்குப் பின்னால், கிளையின் முற்றிய பகுதியில். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடம். அவர் விரல்கள் பார்க்காமலே அந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. முதல் கணுவில் தொடங்கி, பச்சை தொடங்குமிடத்தில் கை தானாக நழுவுகிறது. ஒரு செடியை முடிக்க அவருக்கு எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கத்தான் நினைத்தேன். கையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் மணி பார்க்க மறந்துபோனது.

பறித்து முடித்ததும் தரையில் சிந்தியதையெல்லாம் பொறுக்குகிறார்கள். எங்கள் ஊரில் தப்புக்கதிர் பொறுக்குவது ஏழைப் பெண்களின் பாடு. ஒரு மரக்கால் நெல் கிடைத்தால் அவர்கள் வீட்டுக்கு. இங்கே தப்புக்காய் பொறுக்குவது பூச்சிக்காக. காய்த்துளைப்பான் என்று மிளகளவுகூட இல்லாத ஒரு கறுப்பு வண்டு, 1990-ல் நீலகிரி கூடலூர்ப் பக்கம் முதன்முதலாகத் தெரிந்தது. பிறகு காப்பி மலைகளில் பரவிவிட்டது. கீழே கிடக்கும் ஒரு காயைவிட்டாலும் அதற்குள் குடும்பம் நடத்தி அடுத்த பருவத்துக்கு ஏறிவரும். ஆகவே காய்ந்த இலையைக் கையால் விலக்கி, குந்தியபடியே நகர்ந்து, ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். இந்த வேலைக்குத்தான் முதுகு போகிறது என்றார் அக்கா. அவருடைய முழங்காலில் இறுக்கிக் கட்டிய துணிப்பட்டை ஒன்று இருந்தது.

நாலு மணிக்கு எடை. சாக்கைத் தராசில் தொங்கவிட்டு, தோட்டக்காரர் நோட்டில் எழுதினார். அக்காவுக்கு 82 கிலோ. ஐந்து கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை என்பது அங்கே வாய்க்கணக்கு. அப்படியானால் ஒரு பகல் முழுக்க அவர் கை உருவினது பதினாறு கிலோ. வறுத்தால் அதிலும் குறையும். “காய் நெறைய நிக்கிறப்ப கிலோ கணக்குத்தான் நமக்குக் கட்டும். கடைசிச் சுத்துல நாள் கூலி கேட்டுருவோம்” என்றார். 2024-ல் வியட்நாமில் விளைச்சல் குறைந்து ரோபஸ்டா விலை அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. கூலியும் ஏறியதா என்று கேட்டேன். “கொஞ்சம் ஏத்துனாங்க” என்று சொல்லி, தோட்டக்காரர் இருந்த பக்கம் பார்த்துவிட்டுச் சாக்கைச் சுருட்டினார்.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பின்னால் வந்த திருத்தத்தின்படி, குறைந்தது 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் உள்ள தோட்டங்களுக்கென்று வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாம் வகுத்தது. ஆறு ஏக்கர் தோட்டங்களில் மாறி மாறி வேலை செய்கிற அக்காவைப் போன்றவர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். ஜீப்பில் வந்து ஜீப்பில் போகிறார்கள். இது சரியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நான் குடிக்கிற காப்பியின் விலையில் அவருடைய முழங்காலுக்கும் ஒரு பங்கு வேண்டும்.

இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் அறுப்பு முழுக்க மெஷினுக்குப் போய்விட்டது. நடவுக்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். என் அம்மாவோடு வரிசையில் நின்று அறுத்த பெண்கள் இன்று நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் கையிலிருந்த கணக்கு, எந்த உயரத்தில் அரிவாள் வைப்பது, எத்தனை பிடி ஒரு கட்டு என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படாமல் நிற்கிறது. இந்தச் சரிவிலும் நிழலிலும் இதுவரை மெஷின் இறங்கவில்லை. அதனால் அக்காவின் விரலில் அந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது.

மறுநாள் தலைக்காவேரி போவதாகத்தான் திட்டம். பாகமண்டலத்துக்கும் மேலே பிரம்மகிரியில் அந்தச் சிறு குளம். ஐப்பசி பிறக்கிற நேரத்தில் அங்கே ஊற்றுப் பொங்குகிறது என்று கூட்டம் கூடும். அதே ஐப்பசி முழுக்கத்தான் மயிலாடுதுறையில் துலா முழுக்கு. ஆனால் ஞாயிறு மாலை மைசூரில் ரயில் பிடிக்கவேண்டும். தலைக்காவேரிக்குப் போனால் களத்தைப் பார்க்கமுடியாது. இவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “காயப்போடுறதைப் பாக்கத்தானே வந்தோம். அது இன்னொரு தரம் ஆகட்டும்” என்றாள்.

காலைப் பனி விலகியதும் தோட்டக்காரரும் அவர் மனைவியும் தார்ப்பாயை நீக்கினார்கள். நாள்வாரியாகப் பழம் தனித்தனிப் பாத்தியாகக் கிடந்தது. நேற்றைய பழம் சிவப்பும் பச்சையும். நான்கு நாள் பழம் கரும்பழுப்பு. பத்து நாள் ஆனது கறுத்துச் சுருங்கி, நாவல்பழ நிறத்தில். ஒரு நாள் பழத்தை மறுநாள் பழத்தோடு சேர்த்தால் எதுவும் சரியாகக் காயாது. மரத்துழாவியால் வரப்பு வரப்பாக இழுத்து, மணிக்கொருதரம் திருப்பிவிட்டார்கள். நெல் துழாவுகிற அதே இழுப்பு. இவள் துழாவியை வாங்கி இரண்டு பாத்தி இழுத்தாள். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இழுப்பு சரியாக இருந்திருக்கும்.

“எப்பக் காஞ்சதுன்னு தெரியும்?” என்று கேட்டேன்.

தோட்டக்காரர் கடைசிப் பாத்தியில் ஒரு கைப்பிடி அள்ளி, என் காதோரம் கொண்டுவந்து குலுக்கினார். உள்ளே கொட்டை தோலைவிட்டு விலகி, கிலுகிலுவென்று சத்தம். பக்கத்துப் பாத்தியில் அள்ளிக் குலுக்கினார். மொத்தையாக ஒரு முனகல். இரண்டு நாள் போகவேண்டும் என்றார். ரோபஸ்டா செர்ரிக்கு, அதாவது தோலோடு காயவைத்த காய்க்கு, 11 சதவீத ஈரம் என்று காப்பி வாரியம் சொல்கிறது. ஈரம் அளக்கும் கருவி, காய்ந்த காயின் தோலை நீக்குகிற குஷால்நகர் கியூரிங் ஆலையில் இருக்கிறது. இங்கே அதைக் கண்டுபிடிப்பது கையும் காதும்தான்.

களத்தோரம் காப்பி கொடுத்தார்கள், வெல்லம் போட்டு, பாலில்லாமல். பேச்சு தண்ணீருக்கு வந்தது. பறிப்பு முடிந்ததும் ரோபஸ்டாவுக்கு ஒரு மழை வேண்டும். நனைந்த ஏழெட்டு நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். பூவுக்குப் பின் இருபது நாளுக்குள் இன்னொரு மழை. வானம் ஏமாற்றினால் குளத்திலும் ஓடையிலும் ஆற்றிலும் மோட்டார் வைத்து ஸ்பிரிங்க்ளரில் அடிப்பார்கள். இவள் பட்டென்று கேட்டாள். “அப்ப ஆத்துத் தண்ணியையும் எடுக்குறீங்களா?” கூட வந்திருந்த எங்கள் தெருப் பையன் அதைக் கன்னடத்தில் சொல்லத் தயங்கினான். தோட்டக்காரருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து, சரிவுக்குக் கீழே அவர் வெட்டியிருக்கும் குளத்தைக் காட்டினார். ஆடி மழையைத் தேக்கியது. “இது போதாத வருஷம்தான் பிரச்சினை” என்றார். மேட்டூரை வழக்கப்படி ஜனவரி 28-ல் அடைத்துவிடுவார்கள். இவர்கள் பூவுக்குத் தண்ணீர் அடிக்கிற மாதங்களில் எங்கள் வயலுக்கு ஆற்றை எதிர்பார்ப்பதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை அவள் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. அவர் மழுப்பாமல் பதில் சொன்னதும்.

பிறகு அவராகவே 2018-ஐப் பற்றிச் சொன்னார். ஆகஸ்ட் நடுவில் விடாத மழை. மக்கந்தூர், ஜோடுபாலா, காலூர்ப் பக்கம் மலை சரிந்து, வீடும் தோட்டமும் ஒன்றாகக் கீழே வந்தன. நாற்பது வருஷக் காப்பிச்செடி வேரோடு சேற்றில் நின்றபடியே நகர்ந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்றார்.

அந்த ஆகஸ்ட் எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. ஐந்து வருஷம் கழித்து மேட்டூர் 120 அடி தொட்ட வருஷம். குடும்பத்தோடு கல்லணைக்குப் போய் வெள்ளம் பார்த்தோம், பிள்ளைகளுக்குப் பொரி வாங்கிக்கொடுத்தோம். 22-ஆம் தேதி ராத்திரி முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனபோதுதான் எங்களுக்கு அடிவயிறு கலங்கியது. அதற்கு ஒரு வாரம் முன்பே அந்த மழை இங்கே ஊர்களை எடுத்திருந்தது. கல்லணையில் செம்மண் நிறமாக ஓடிய தண்ணீரைப் பார்த்து “புதுத் தண்ணி, வண்டல் நல்லா வருது” என்று நான் சொன்னேன். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார். பொடி என்று நினைத்தோம். ரயிலில் பிரித்தால், கடைசிப் பாத்திக் காய், ஒரு கைப்பிடி.

அடுத்த வாரம் எங்கள் வயலில் அறுத்துக் களத்தில் கொட்டினோம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரத்துக்கு மேல் எடுக்கமாட்டார்கள். பெரியப்பா வந்து, ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். “இன்னும் ஒரு வெயில் வேணும்டா.” கருவியில் பார்த்தோம், 18. அவருக்கு வயது எண்பத்தொன்று.

சட்டைப்பையிலிருந்த பொட்டலத்தை அவர் கையில் கொட்டினேன். என்னவென்று கேட்டார். காப்பிக்காய், காவிரி வருகிற ஊரிலிருந்து என்றேன். காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்க்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு குலுக்கினார். மறுபடியும் குலுக்கினார்.

“இது காஞ்சிருச்சு” என்றார். அதில் ஒன்றை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்தார்.