சிறு பெட்டியும் சிறு விசிறியும்

மும்பையில் குடியேறிய நம்மவர்க்கு இடத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பகலில் கூடமாக இருப்பதே இரவில் படிப்பறையும் படுக்கையறையும் ஆகிறது. ஆகவே, கட்டடக்கலை பயிலும் என் மகளுக்குக் கம்ப்யூட்டர் அமைக்க முற்பட்டபோது, மேஜையின் ஓரத்தில் அடங்கும் சிறு கேபினெட்டையே தேர்ந்தோம்.

அத்தகைய பெட்டியில் முழு உயரக் கிராபிக்ஸ் கார்டு நுழையாது. ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் உயரமுள்ள குட்டைக் கார்டே பொருந்தும். லாமிங்டன் சாலைக் கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று, 2023-இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4060. 8 ஜிபி நினைவகமும் 115 வாட் மின்தேவையும் உடையது. மற்றொன்று, 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை. 70 வாட்டில் அடங்குவது. தனி மின்கம்பி வேண்டாது மதர்போர்டிலிருந்தே மின்சாரம் பெறுவது. முன்னது வேகத்தில் வெகுவாக மேம்பட்டது, விலையும் மிகுந்தது. மகளின் உள்ளம் அதனையே நாடிற்று. வாங்குமுன் சோதித்துப் பார்க்கட்டும் என்று அவளுடைய தோழி தன் 4060 கார்டைச் சில நாள் இரவல் தந்தாள்.

அது மே மாதம். நள்ளிரவில் படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, அதே கூடத்தில் படுத்திருந்த என் தாயார் எழுந்து, "குட்டி, உன் பெட்டிக்குள் வண்டு புகுந்துவிட்டதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஆனால் அன்றிரவு அவர் கண்ணயரவேயில்லை.

காரணம் எளிது. கார்டு உண்ணும் மின்சாரம் அனைத்தும் முடிவில் வெப்பமாகவே வெளிப்படும். 115 வாட் என்பது, பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைச் சிறு பெட்டிக்குள் ஏற்றி வைத்ததற்கு ஒப்பாகும். பெரிய விசிறி மெல்லச் சுழன்று தள்ளும் காற்றைச் சிறிய விசிறி மிக விரைந்து சுழன்றே தள்ள வேண்டும். ஆதலால்தான் அதன் ஓசை கீச்சென்று செவியைத் துளைக்கிறது. அறையே வெம்மையுற்றிருந்தால் விசிறியின் வேகம் இன்னும் ஏறும்.

ஒரு வாரம் கழித்து மகளே 3050 போதும் என்றாள். படங்கள் முடியக் கூடுதல் நேரம் ஆகிறது. பெரியவற்றை ஞாயிறு பகலில் முடித்துக்கொள்கிறாள். நாள்தோறும் ஆறு மணி நேரம் உழைத்தாலும், 45 வாட் வேறுபாட்டால் மாதத்தில் மிஞ்சுவது ஏறக்குறைய 8 யூனிட்தான். எங்களுக்குக் கிடைத்த ஊதியம் அதுவன்று, பாட்டியின் உறக்கமே.

தனியறை உடையோர்க்கு 4060 தக்கதே. அவர்களும் மென்பொருளில் மின்வரம்பைச் சற்றுக் குறைத்து வைத்தால், வேகம் சிறிதே குறைய, ஓசையும் வெப்பமும் நன்கு தணியும். மற்றையோர், கடைக்காரர் கூறும் வேகக் கணக்கோடு வாட் கணக்கையும் கேட்டறிதல் நலம். இரவில் அதே அறையில் உறங்குவோரை எண்ணிப் பார்த்தல் அதனினும் நலம்.