நடையா? வலிமையா?

நோய்க்கு மருந்து கூற வந்த வள்ளுவப் பெருந்தகை, 95ஆம் அதிகாரத்தில் மருந்தைவிட உணவின் அளவையே மிகுதியாகப் பேசுகிறார். அவ்வதிகாரத்தை ஆண்டுதோறும் மாணவர்க்கு நடத்திவந்த எனக்கு, 54ஆம் அகவையில் மருத்துவர் அதையே பாடமாக நடத்தினார். குருதியில் சர்க்கரை மிகுந்திருந்தது. எடை 84 கிலோ. “72க்கு வந்துவிடுங்கள், ஐயா” என்றார்.

சோற்றைக் குறைத்தேன். திருமண விருந்துகளில் பிரியாணியைக் கண்ணால் மட்டும் உண்டேன். நாள்தோறும் முக்கால் மணி நேரம் நடந்தேன். பதினான்கு திங்களில் எடை 75ஆக இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. இதில் வியப்பில்லை. உடல் சிறுத்தால் அது இயங்குவதற்கு வேண்டும் ஆற்றலும் குறைகிறது. முன்பு எடையைக் குறைத்த அதே உணவும் நடையும் இப்போது எடையை நிலைநிறுத்த மட்டுமே போதுமானவை.

இன்னும் அரை மணி நேரம் நடப்பதா, பளுப்பயிற்சியில் இறங்குவதா? ஆசிரியர் அறையில் கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. நண்பர் ஒருவர், “நடையைக் கூட்டுங்கள், சார், மூன்று கிலோதானே!” என்றார். உடற்கல்வி இயக்குநரோ, “எஞ்சிய மூன்று கிலோ கொழுப்பிலிருந்து குறையவேண்டுமா, தசையிலிருந்து குறையவேண்டுமா?” என்று வினவினார்.

அவ்வினா என் தந்தையாரை நினைவூட்டியது. முதுமையில் அவர் மெலிந்திருந்தார். ஆயினும் பாயிலிருந்து எழ இருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. மெலிவு வேறு, நலம் வேறு. எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது என்பதை எடைப்பொறி காட்டுவதில்லை.

இதனைத் தெளிவாக்கும் ஆய்வொன்று 2017இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. உடற்பருமன் கொண்ட 160 முதியவர்களை நான்கு குழுக்களாக்கி ஆறு திங்கள் ஆய்ந்தனர். உணவைக் குறைத்துப் பயிற்சி செய்த மூன்று குழுவினரும் ஏறத்தாழ 9 விழுக்காடு எடை குறைந்தனர். ஆனால் கொழுப்பு நீங்கலான உடற்பகுதி, நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தோர்க்கு 5 விழுக்காடும், பளுப்பயிற்சி மட்டும் செய்தோர்க்கு 2 விழுக்காடும், இரண்டும் செய்தோர்க்கு 3 விழுக்காடும் குறைந்தது. உடல் இயங்கும் திறனில் மிகுதியாக முன்னேறியவர்கள் இரண்டையும் செய்தவர்களே.

பளுப்பயிற்சியை மிகையாகப் புகழவும் வேண்டா. ஒரு கிலோ தசை, ஓய்வில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 கலோரியே செலவிடும். விருந்துண்ண அஃது உரிமம் ஆகாது. ஆனால் உணவால் வரும் சர்க்கரையைப் பெரும்பகுதி ஏற்றுக்கொள்வது தசையே. நீரிழிவு உள்ள எனக்கு அதுவே பெரும்பயன்.

எனவே நடையை விடாமல், வாரத்தில் மூன்று நாள் வலிமைப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டேன்: சுவரில் கையூன்றித் தண்டால், கைபிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுதல், இரு கைகளிலும் சிறு பளு தூக்குதல். முதல் இரண்டு வாரங்களில் எடை அரைக் கிலோ ஏறியது. புதிய உழைப்பால் தசையில் தேங்கும் நீரே அதற்குக் காரணம் என்றார் மருத்துவர். ஐந்து திங்களில் எடை 73.5 ஆயிற்று. இடைவாரோ இரண்டு துளைகள் உள்ளே வந்தது. விடைத்தாள் கட்டுகளைச் சுமந்து மூன்றாம் மாடிக்கு நிற்காமல் ஏறுகிறேன். 72 என்னும் எண் இன்னும் கைக்கு எட்டவில்லை. மருத்துவரும் அதனை வற்புறுத்தவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறையும் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையும், குறைந்தது இரு நாள் தசைப்பயிற்சியையும் சேர்த்தே வலியுறுத்துகிறது. மாணவச் செல்வங்களே, இளமையில் சேர்க்கும் வலிமை முதுமைக்கான வைப்புநிதி. பெரியோர்களே, மருத்துவரைக் கலந்துகொண்டு சிறிதாகத் தொடங்குங்கள். எடைப்பொறியிடம் ஒரு கேள்வி கேட்டால், நம் கால்களிடம் இரண்டு கேள்வி கேட்போம்.