முதலில் பார்த்த வெளிநாடு

திண்டுக்கல் நாகல் நகர்க்காரன் நான். வெளிநாட்டை முதன்முதலில் பார்த்தது எங்கள் ஊர்க் கொட்டகையில், பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்து. 'உலகம் சுற்றும் வாலிபன்'. 1973 மே 11 அன்று வந்த எம்.ஜி.ஆர். படம். அடுத்த ஒன்பதாம் நாள், மே 20, எங்கள் ஊரில் நாடாளுமன்ற இடைத்தேர்தல். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கிச் சந்தித்த முதல் தேர்தல், அவர் நிறுத்திய மாயத்தேவர் ஜெயித்தார். அவர் கட்சியின் இரட்டை இலைச் சின்னத்தைச் சுவரெல்லாம் வரைந்து வைத்திருந்த ஊரில் பிள்ளைகள் நாங்கள் ஹாங்காங்கையும் ஒசாகா எக்ஸ்போவையும் வாய் பிளந்து பார்த்தோம். வெளிநாடு என்றால் இவ்வளவு வெளிச்சமா என்று இருந்தது.

பிறகு நானே வெளிநாடு போனேன். போன இடம் ரியாத். அங்கே அப்போது சினிமாக் கொட்டகையே கிடையாது. 1980களின் தொடக்கத்திலிருந்து பொதுத் திரையரங்குக்கு இடமில்லாத நாடு. வெள்ளிக்கிழமை பத்ஹா கடைத்தெருவுக்குப் போய் கேசட் வாங்கி வருவோம், பிறகு சிடி. அறையில் எட்டுப் பேர், கட்டிலில் பாதி, தரையில் பாதி. வசதி உள்ளவர்கள் படம் பார்க்க பஹ்ரைன் போய் வருவார்கள். கடல் மேல் 25 கிலோமீட்டர் பாலம், 1986இல் திறந்தது. எங்களுக்கோ வெளியே போய்த் திரும்ப எக்சிட் ரீ-என்ட்ரி விசா வேண்டும், அதற்கு அப்போது முதலாளி மனசு வைக்க வேண்டியிருந்தது. ஒரு படத்துக்காக யார் போய்க் கேட்பது?

2018 ஏப்ரல் 18 அன்று ரியாத்தில் தியேட்டர் திறந்தார்கள். இசைக் கச்சேரிக்கென்று கட்டிய அரங்கில் 'பிளாக் பாந்தர்' ஓடியது. எங்கள் அறையில் ராமநாதபுரத்துத் தம்பி ஒருவர் செல்போனில் அந்தச் செய்தியைக் காட்டி, "அண்ணே, நாம போகலாமாண்ணே, நம்மளையும் விடுவாங்களா?" என்று கேட்டார். விட்டார்கள். பின்னர் ஒரு மால் தியேட்டரில் போய் உட்கார்ந்தோம். ஏதோ ஆங்கிலப் படம், கதை பாதிதான் புரிந்தது. விளக்கு அணைந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. முன்பின் தெரியாத முந்நூறு பேரோடு இருட்டில் உட்கார்ந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் சிரிப்பது. இத்தனை வருஷம் நான் இழந்தது படத்தை அல்ல, இதைத்தான். படம் கேசட்டிலேயே கிடைத்ததே!

அன்று படம் முடியும்வரை என் மனம் நாகல் நகரில்தான் கிடந்தது. காலையில் தெருநீளத்துக்குப் பாவு விரித்திருப்பார்கள், சௌராஷ்டிர நெசவாளர் வீடுகளில் தறிச் சத்தம் விடியும் முன்பே தொடங்கிவிடும். கூலி கிடைத்த சனிக்கிழமை இரவு அந்தத் தறிகள் ஓய்ந்து, தெருவே இரண்டாம் ஆட்டத்துக்குக் கிளம்பும். சோலைஹால், என்.வி.ஜி.பி. என்று பெயர் சொன்னாலே போதும், என்ன படம் என்பது அப்புறம். டிக்கெட் கவுண்டருக்குப் போகும் சந்து ஓர் ஆள் அகலம்தான். சில்லறையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி நகர்ந்து நகர்ந்து, பொந்துக்குள் கையை விட்டால் டிக்கெட்டோடு கை வெளியே வரும்.

ஆபரேட்டர் அறையின் பின்பக்கம்தான் எங்களுக்குக் கோயில். அறுந்த பிலிமை வெட்டி ஒட்டும்போது மிஞ்சும் துண்டுகள் அங்கே விழும். பியூஸ் போன பல்பின் அடியைப் பக்குவமாக உடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பினால் லென்ஸ் தயார். முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் பிடித்து, ஒளியை ஜன்னல் வழியாக இருட்டறைக்குள் விட்டு, பிலிம் துண்டை பல்புக்கு முன்னால் தலைகீழாகக் காட்ட வேண்டும். சுவரில் எம்.ஜி.ஆர். நிற்பார், அசையமாட்டார். அசையாவிட்டால் என்ன, வசனத்தை நாங்கள் பேசுவோம்.

அந்த ஆபரேட்டர்களை நினைத்தால் இப்போதும் கும்பிடத் தோன்றுகிறது. 1000 அடி பிலிம் ஓட 11 நிமிடம். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எரிகிற வெளிச்சத்தில்தான் படமே. குச்சி எரிந்து குறையக் குறைய நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கண் அசந்தால் திரை மங்கும், கொட்டகை முழுக்க விசில் பறக்கும். சித்திரை வெயிலிலும் அந்தச் சின்ன அறையின் அனலில் நின்று, மூன்று மணி நேரம் எங்களுக்கு ஹாங்காங்கைக் காட்டியவர்கள். திரையில் பெயர் வராதவர்கள்.

கார்பன் போயிற்று, பிலிமும் போயிற்று, பெஞ்சு டிக்கெட்டும் போயிற்று. தறிச் சத்தமும் முன்போல் இல்லை. ரியாத்தில் இன்று செல்போனிலேயே டிக்கெட் போடலாம். நம் ஊரில் கார்பன் பிடித்த கைகள் சில இன்னும் இருக்கின்றன, வயதாகிவிட்டது. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் ஒரு சாயங்காலம் போய் உட்காருங்கள். என்ன படம், எத்தனை நாள் ஓடியது, எப்போது பிலிம் அறுந்தது என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள்.