சித்தப்பாவை வெட்டிய அரிவாள்

தென்மாவட்டச் செஷன்ஸ் கோர்ட் ஒன்றில் நான் நடத்திய கொலை வழக்கு அது. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் சித்தப்பாவை வெட்டிக் கொன்றதாக அண்ணன் மகன் மேல் இ.பி.கோ. 302. நேரில் பார்த்ததாகச் சொல்லப்பட்ட இருவரும் கூண்டேறியதும் பிறழ் சாட்சியாகிவிட்டார்கள். அரசுத் தரப்புக்கு மிஞ்சியது ஓர் அரிவாள்தான்.

போலீசாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்றது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. 27ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருந்தது: காவலில் இருப்பவர் சொன்னதன் பேரில் பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாக ஒட்டிய பகுதியை மட்டும் ஏற்கலாம். (2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் இது 23ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டது.)

விசாரணை அதிகாரியின் சாட்சியத்தின்போது அரசு வழக்கறிஞர் குறியீடு செய்யக் கேட்ட பகுதி இது: “சித்தப்பாவை வெட்டிய அரிவாளை பம்புசெட் ரூம் கூரை ஓலையில் சொருகி வைத்திருக்கிறேன். கூட்டிப் போனால் எடுத்துக் கொடுப்பேன்.”

எழுந்து ஆட்சேபித்தேன். ஓலையில் சொருகியது வரலாம், ‘சித்தப்பாவை வெட்டிய’ வரவே கூடாது. குண்டூர் மாவட்டத்தில் தொடங்கி, சென்னை ஹைகோர்ட்டைத் தாண்டி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன புலுக்குரி கொட்டய்யா வழக்கில், 1947 ஏ.ஐ.ஆரிலேயே தீர்ந்துபோன சங்கதி. ஆயுதம் இருக்கும் இடம் கைதானவருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் கண்டுபிடிப்பு. அதனால் கொன்றார் என்பது கண்டுபிடிப்பு அல்ல.

“ஆட்சேபணைக்கு உட்பட்டு குறியீடு செய்யப்படுகிறது” என்றார் நீதிபதி. சாட்சி விசாரணை தடைபடாமல் நடக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். கொலை வழக்கில் எனக்கு இது ஒருபோதும் சம்மதமில்லை. ஒரு தடவை காதில் விழுந்ததை, நீதிபதியே ஆனாலும், தீர்ப்பு எழுதும் நாள்வரை மனதுக்குள் நுழையவிடாமல் வைத்திருக்க முடியுமா? தீர்ப்பில் அந்த இரண்டு வார்த்தைகளும் அப்படியே இருந்தன. ஆயுள் தண்டனை.

மேல்முறையீட்டில் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை முன்பாக, அந்த இரண்டு வார்த்தைகளையும் அடித்துவிட்டு மீதியைப் படித்துப் பார்க்க வேண்டினேன். அரிவாளில் இருந்தது மனித ரத்தம் என்றது சீராலஜி ரிப்போர்ட். எந்தக் குரூப் என்று கண்டறிய முடியவில்லை. பம்புசெட் ரூமுக்குப் பூட்டு கிடையாது, பங்காளிகள் எல்லாருமே புழங்கும் இடம். மகஜரில் கையெழுத்துப் போட்ட தலையாரியே குறுக்கு விசாரணையில் இதை ஒப்புக்கொண்டிருந்தார். அரிவாள் இருக்கும் இடம் தெரியும் என்றால் சந்தேகப்படலாம், தப்பில்லை. கொலைக்குக் கைதானவரே பொறுப்பு என்று சொல்ல நடுவில் ஒரு கண்ணி வேண்டும். அந்தக் கண்ணியை இரவல் கொடுத்தது, சட்டம் உள்ளே விடாத இரண்டு வார்த்தைகள்.

பெஞ்ச் அவரை விடுதலை செய்தது.

இறந்தவரின் மனைவிக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவருக்கு அநியாயம் செய்தது 27ஆம் பிரிவு அல்ல. ஒப்புதல்தான் கையில் இருக்கிறதே என்று, கைதானவர் சம்பவத்தன்று போட்டிருந்த சட்டையைக்கூடப் போலீசார் கைப்பற்றவில்லை. அவருடைய செல்போன் டவர் விவரம் கேட்டு ஒரு கடிதம்கூடப் போகவில்லை.